பூக்கட்டிப் பார்த்த மருந்து

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவளுக்கு மலை என்பது காலண்டரில் முருகனுக்குப் பின்னால் நீலமாகத் தெரிகிற ஒன்று. அதில் ஏறவேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். கீழே சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் எனக்கு வேலை. டாக்டர் சொல்வதை நோயாளிக்குப் புரியும்படி சொல்வதும், வராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதும் என் பொறுப்பு. காசியம்மா என்பவர் நான்காவது தவணை மருந்துக்கு வரவில்லை. தேதி கடந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காசியம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். எங்களிடம் வரும்போதே வயிறு முழுக்கப் பரவியிருந்தது. நீர் கோத்து நிறைமாத வயிறாக ஊதியிருந்தவரை நான்கு பேர் டோலி கட்டி மலையிலிருந்து தூக்கி வந்தார்கள். அறுவை செய்து எடுக்க முடிந்ததை எடுத்தாயிற்று. மிச்சத்துக்கு மருந்து ஏற்றவேண்டும்.

எந்த மருந்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த நாட்களில் இந்த நோய்க்கு ஒற்றை மருந்து கொடுப்பது போய், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்திருந்தது. இரண்டைச் சேர்த்தால் போதுமா, மூன்றாவதையும் சேர்த்தால் கூடுதல் பலனா, அல்லது கூடுதல் அவஸ்தை மட்டும்தானா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். சம்மதித்த பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு மருந்து, மீதிப் பேருக்கு மூன்று. யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது. செய்தால் தெம்பானவர்களுக்கு மூன்றும் நோஞ்சான்களுக்கு இரண்டும் போய், ஒப்பீடே கெட்டுவிடும். அதனால் ஒட்டிய கவர் ஒன்றை நோயாளி முன்னாலேயே பிரிப்பார்கள். உள்ளே இருப்பதுதான் மருந்து.

இதை நோயாளிகளுக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். படித்தவர்களே, "அதெல்லாம் இருக்கட்டும், எங்க அம்மாவுக்கு நல்லதாப் பாத்துக் குடுங்க" என்பார்கள். காசியம்மாவின் கணவர் சடையனுக்கு மட்டும் நான் பாதி சொல்லும்போதே விளங்கிவிட்டது. எது நல்லதென்று உங்களுக்கே தெரியாதா என்று பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டார். அவரும் ஒளிக்காமல் தெரியாது என்றார். சடையன் முகத்தில் ஒரு நிம்மதி.

"அப்ப பூக்கட்டிப் பாக்க வேண்டியதுதாங்களே" என்றார். சாமி முன்னால் பூவைப் பொட்டலங்களாகக் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பார்களே, அதைச் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு அந்த வாக்கியம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஆமாம், அதேதான் என்றார். அன்றிலிருந்து வார்டில் கவர் பிரிப்பதற்குப் பெயரே பூக்கட்டிப் பார்ப்பதுதான். காசியம்மாவுக்கு மூன்று மருந்துக் கூட்டு வந்தது. மூன்றாவது மருந்து நல்ல சிவப்பு, சர்பத் கடைக் குப்பியில் இருக்கிற சிவப்பு. மறுநாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். மூன்று தவணை ஏற்றிக்கொண்டார், தலைமுடி மொத்தமும் கொட்டியது, வீட்டுக்குப் போனார், அப்புறம் ஆளைக் காணோம்.

புதன்கிழமை கணியம்பாடி தாண்டி அமிர்திப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். அது நான்கு தடவை நின்றது. இரண்டு தடவை ஆள் இறங்க, இரண்டு தடவை தன் இஷ்டத்துக்கு. பக்கத்தில் கூடை நிறையக் கத்தரிக்காயோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் கைப்பையையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒண்டியாவா மலைக்குப் போற? அங்க யாரு கீறாங்க உனக்கு?"

உடம்பு சரியில்லாத ஒருவரைப் பார்க்க என்றேன். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு கை கத்தரிக்காயை அள்ளி என் பையில் போட்டார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதாம். எங்கள் ஊரில் ஆரஞ்சு வாங்குவோம். கத்தரிக்காயோடு நோய் விசாரிக்கப் போனது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பஸ் விட்ட இடத்திலிருந்து புளி ஏற்றப் போன காலி லாரியில் பாதி தூரம். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமி பேரைச் சொன்னார். வளைவுகள் தீராததால் சாமிகள் தீர்ந்து, கடைசியில் தன் சம்சாரத்தின் பெயரைச் சொன்னார். லாரி நின்ற இடத்தில் பாதையும் நின்றுவிட்டது. அதற்குமேல் காலடித் தடம்தான். சந்தைக்குப் போய்த் திரும்பிய இரண்டு பெண்களின் பின்னால் நடந்தேன். அவர்கள் தலையில் மூட்டையோடு பேசிக்கொண்டே போனார்கள்; நான் கைப்பையோடு மூச்சுவிட மட்டும் செய்தேன். முதல் ஏற்றத்திலேயே செருப்பு வார் அறுந்தது.

ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பக்கம் வயல் வரப்பில் நின்றால் உலகம் அடுத்த ஊர்க் கோபுரத்தோடு முடிந்துவிடும். இங்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் புகைமாதிரி இன்னொன்று, முடிவே தெரியவில்லை. கீழே எங்கேயோ பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் கவர்களும் இருக்கின்றன என்பதே நம்பமுடியாமல் இருந்தது. இவ்வளவு தூரத்தை ஒரு பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஊருக்குள் நுழையும்போது, ஊற்றுப் பக்கமிருந்து இடுப்பில் குடத்தோடு ஒருத்தி எதிரே வந்தார். தலையில் துண்டு சுற்றியிருந்தது. சடையன் வீடு எது என்று கேட்டேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னத் தெரியலியா கண்ணு?"

எனக்குத் தெரியத்தான் இல்லை. என் மனதில் பதிந்திருந்த காசியம்மா முதல்நாள் டோலியில் வந்து இறங்கி, படுத்தே இருந்தவர். வயிறு ஒரு பாரமாக முன்னால் கிடக்க, ஒருக்களிக்கக்கூட ஆள் வேண்டியிருந்தவர். இவருக்கு வயிறே இல்லை. புடவைக் கட்டு ஒட்டிக் கிடந்தது. மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது குடத்தோடு நடந்து வந்து பார்த்தது அன்றைக்குத்தான். குடம் தூக்கலாமா என்று அதட்டினேன். சின்னக் குடம்தான் என்றார்.

வீடு தாழ்ந்த கூரை, சாணி மெழுகிய தரை. முற்றத்தில் புளி மலையாகக் குவிந்திருந்தது. சடையன் என்னைப் பார்த்ததும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பிட்ட பிறகு பேசலாம் என்றார் காசியம்மா. சாமைச் சோறும் என் கத்தரிக்காய் போட்ட கொள்ளுக் குழம்பும். நெல்லைத் தவிர மற்றதெல்லாம் பறவைக்கு என்று நம்பி வளர்ந்தவள் நான். சாமைச் சோறு தொண்டையில் உருண்டு இறங்குவதைப் பழகிக்கொள்ள மூன்று கவளம் ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குள் ஆஸ்பத்திரி அம்மா வந்திருக்கிறார் என்று ஊர் கூடிவிட்டது. நான் டாக்டர் இல்லை என்று சொன்னதை யாரும் மதிக்கவில்லை. முட்டி வலி, பல் வலி, பால் கறக்காத மாடு, எல்லாம் விசாரணைக்கு வந்தன. மாட்டைத் தவிர எல்லோரையும் கீழே வரச்சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில்தான் சடையன் பேசினார். புளி ஓடு நீக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். அவர்கள் ஊர்ச் சாமி வேடியப்பன். கல்யாணம், நிலம், வைத்தியம் எதுவானாலும் வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை, அந்தக் காரியத்தைத் தொடக்கூடாது.

ஒட்டிய கவரைப் பிரித்து, சிவப்பு மருந்து வந்திருக்கிறது என்று நாங்கள் சிரித்த முகத்தோடு சொன்னபோது இந்த மனிதர் என்ன கேட்டிருக்கிறார்?

"பூக்கட்டிப் பாத்தோம், செவப்பு வந்திச்சி. பெரிய டாக்டரம்மா எதிர்லயே வந்திச்சி. உத்தரவு இல்லாத மருந்த என் பொண்டாட்டி ஒடம்புல மூணு தபா ஏத்த வுட்டுட்டேங்க" என்றார் சடையன். "பக்கத்துக் கட்டில்ல செங்கத்துக்காரம்மாவுக்கு வெள்ளையா வந்திச்சி. அந்தம்மாவுக்கு முடிகூட அவ்ளோ கொட்டல."

அப்படியானால் மூன்று தவணைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். வயிறு வற்றியது, அதனால் வந்தோம் என்றார். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே வந்திருக்கிறார். மூன்றாவது முறை முடி கொட்டி, வாந்தி நிற்காமல் இருந்தபோது பங்காளிகள் கூடி, இனி சாமியை முறையாகக் கேட்காமல் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கேட்கலாம் என்றால் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டுக் கழியாமல் கோவில் பக்கம் போகமுடியாது. தீட்டுக் கழிந்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மருந்து தள்ளிப்போகப் போக மிஞ்சிய கட்டி மறுபடி தலையெடுக்கும். இன்னும் கொஞ்ச நாள் போனால் இதுவரை ஏற்றியதெல்லாம் வீண் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இங்கே ஓர் அரளிப்பூ அதை முடிவு செய்யப்போகிறது. மருந்தைப் பூவிடம் கேட்பதா என்று படபடத்துப் பேசினேன். சடையன் கோபிக்கவில்லை. அங்கே கவரில் கேட்டீர்கள், இங்கே பூவில் கேட்கிறோம், அங்கே வராத பயம் இங்கே ஏன் வருகிறது என்று மெதுவாகக் கேட்டார்.

நானும் கொஞ்ச நேரம் புளியை உரித்துவிட்டுப் பதில் சொன்னேன்.

"அண்ணா, எங்க கவர் எதுலயும் 'வேண்டாம்'னு எழுதலை. ஒண்ணுல ரெண்டு மருந்து, இன்னொண்ணுல மூணு. எது வந்தாலும் மருந்துதான். வைத்தியம் பண்ணலாமா வேண்டாமான்னு நாங்க கேக்கவே இல்லை. எப்படிப் பண்றதுன்னுதான் கேட்டோம்."

சடையன் யோசித்தார். நீங்கள் சொல்வது சரிதான், ஆனாலும் சிவப்பு சிவப்புதானே என்றார். காசியம்மா எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வேடியப்பனிடம் போனோம். கோபுரம், மண்டபம் ஒன்றும் கிடையாது. பெரிய மரம், அதன் அடியில் நட்ட கற்கள், சாத்திவைத்த வேல்கள். எங்கள் ஊர்ப் பெரிய கோவிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் இல்லாததுபோல்தான் இருந்தது. பிறகு அந்த இடத்தின் அமைதி மெல்ல என்மேல் இறங்கியது. நாற்பது ஐம்பது பேர் நிற்கிறார்கள். காய்ந்த இலை விழுகிற சத்தம் கேட்கிறது.

பூசாரி சடையனுக்குப் பெரியப்பா மகன். அவர் செய்ததை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். ஒரே அளவாக இரண்டு இலை பறித்துக் காட்டினார். யாரும் பார்க்காதபடி தன் போர்வைக்குள் கையை விட்டு, ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி வைத்து ஒரேமாதிரி மடித்து நாரால் கட்டினார். கையில் குலுக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கல்லுக்கு முன்னால் போட்டார். எது எது என்று இனி அவருக்கே தெரியாது. எங்கள் வார்டில் கவர்களை ஒட்டி அடுக்குவதற்கு எவ்வளவு கட்டுப்பாடுகள் உண்டோ அவ்வளவும் இங்கே இருந்தன. யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கத் தோன்றியது. எங்களுக்குத்தான் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும் என்றும் தோன்றியது.

யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. பூசாரி என்னைக் கைகாட்டினார். நான் பதறிப்போய், நான் ஆஸ்பத்திரிக்காரி, இவரை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறேன், எனக்கு ஒரு பக்கம் உண்டு, நான் எடுப்பது முறையில்லை என்றேன்.

"உள்ள இருக்கிறது உனக்குத் தெரியாதும்மா" என்றார் பூசாரி. "தெரியாத வரிக்கும் நீ யாரு பக்கமா இருந்தா இன்னா?"

கல்லின் முன்னால் மண்டியிட்டேன். டாக்டரம்மா கவர் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தபால் பிரிப்பதுபோல இயல்பாகத்தான் இருக்கும். இப்போது கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன். இரண்டு இலைப் பொட்டலம், ஒன்றில் ஒரு பெண்ணின் உயிர், ஒன்றில் அது இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

எடுப்பதற்கு முன்னால் கேள்வியைச் சாமிக்குச் சத்தமாகச் சொல்லவேண்டுமாம். சடையன் கைகூப்பி, மறுபடி மருந்துக்குக் கீழே போகலாமா என்று தொடங்கினார். காசியம்மா அவர் தோளைத் தொட்டார்.

"என் வயிறு. நான் கேக்குறேன்."

தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அவருடைய மொட்டைத் தலையை ஊரார் அன்றுதான் முதலில் பார்த்திருக்கவேண்டும். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அவர் பொருட்படுத்தாமல் கல்லைப் பார்த்துப் பேசினார். குரலில் நடுக்கமே இல்லை.

"அப்பனே, வெள்ளை வந்தா இன்னிக்கே எறங்குறேன். செவப்பு வந்தா நாளைக்கு எறங்குறேன். எதுன்னு நீயே சொல்லு."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. சடையன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பங்காளிகளில் ஒருவர் இது என்ன கேள்வி என்று முனகினார். பூசாரி காசியம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பங்காளியிடம் சொன்னார்:

"கேள்வி கேக்குறவங்களோடது. கேட்டாச்சி. நீ எடும்மா."

எடுத்தேன். நாரை அவிழ்த்தேன். சிவப்பு அரளி.

"நாளிக்கு" என்றார் பூசாரி.

சடையன் அந்தப் பூவை என் கையிலிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் உத்தரவு உண்டு என்று தனக்குத்தானே சொன்னார். அப்புறம் குந்தி உட்கார்ந்து, மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. என்னாலும் தாங்கமுடியாமல் மரத்துக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை இறங்கினோம். எனக்குச் செருப்புக்குப் பதில் சடையனின் பழைய டயர் செருப்பு. என் இரண்டு பாதமும் அதில் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். காசியம்மா முன்னால் நடந்தார், நான் நடுவில், சடையன் பின்னால் ஒரு பை தேனோடும் புளியோடும். நடு வழியில் ஒரு பாறைப் பக்கம் காசியம்மா நின்றார். போன தடவை டோலியை இங்கேதான் இறக்கி, நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று மூக்கில் கைவைத்துப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பாறைமேல் ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார். காற்றில் அவர் புடவை படபடத்தது. அந்த மலைகளையும் அந்தப் பெண்ணையும் ஒன்றாகப் பார்த்தபோது எதைப் பார்த்து அதிசயிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். நீர் இல்லை, கைக்குக் கட்டி தட்டுப்படவில்லை. தாமதத்துக்குத் திட்டலாம் என்று தொடங்கியவர், நான் நடந்ததைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து கவர் பிரிக்கும்போது பூக்கட்டிப் பார்ப்பது என்ற வார்த்தையை அவரே சொல்லமாட்டார். நான் சொல்லவேண்டி வந்தால், எங்கள் பொட்டலம் இரண்டிலும் மருந்துதான் இருக்கிறது என்பதை முதலில் சொல்லச் சொல்வார்.

காசியம்மா ஆறு தவணையையும் முடித்தார். எத்தனை காலம் இருந்தார் என்று கேட்பார்கள். நாங்கள் பயந்ததைவிட அதிக காலம். நான் ஆசைப்பட்டதைவிடக் குறைவு. இரண்டு மருந்தா மூன்றா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த ஒப்பீட்டில் பேர் தெரியாத எத்தனையோ பெண்கள் கைநீட்டிப் படுத்திருந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

மலையிலிருந்து இறங்கி வந்த அன்று சாயங்காலம், நான்காவது தவணைக்காக நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். உங்களுக்குச் சாமிமேல் அவ்வளவு பக்தி. சாமி நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

காசியம்மா சிவப்புக் குப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"'வேணாம்'ன்ற பொட்டலத்த நான் கட்டவே வுடலியே கண்ணு" என்று சொல்லிவிட்டு, நர்ஸிடம் இன்னொரு கையை நீட்டினார்.